உயிர்மெய்க் குறிகளும் பிழைகளின் வகைப்பாடும்: பூந்தமல்லி வட்டாரத் தொடக்கநிலை மாணவர்க்குப் படித்தல், எழுதுதல் திறன் கற்பித்தல்

ஆய்வுச்சுருக்கம்

தொடக்கநிலை மாணவர் தமிழைப் படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாறுவதற்கு 247 என்னும் எழுத்தெண்ணிக்கையே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. எண்ணிக்கையைக் காட்டிலும் உயிர்மெய்க் குறிகளின் வரிசையமைப்பும், பேச்சு வழக்கிற்கும் எழுத்து வழக்கிற்கும் இடையிலான தொலைவுமே தடைகளாக நிற்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்விரண்டினாலும் தோன்றும் பிழைகள் வெவ்வேறானவை. அவற்றை ஒன்றாக மதிப்பிடுவது மாணவரைத் தவறான நிலையில் நிறுத்திவிடும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தின் மொழிச்சூழல் இவ்வாய்விற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உயிர்மெய், உயிர்க்குறி, இரட்டை வழக்கு, எழுத்துக்கூட்டல், எண்ணும் எழுத்தும், பிழைப் பகுப்பாய்வு.

முன்னுரை

பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. முதல் வகுப்பில் எழுத்தறிய வேண்டிய குழந்தைகள் பள்ளியைக் காணாமலேயே மூன்றாம் வகுப்பை நோக்கி நகர்ந்திருந்தனர். இவ்விழப்பை ஈடுசெய்யும் நோக்குடன் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை 2022 ஜூன் 13 அன்று தொடங்கியது. தொடக்க விழா நிகழ்ந்த அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, பூந்தமல்லி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளது. எட்டு வயதிற்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025க்குள் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது இலக்கு. முதல் மூன்று வகுப்புகளுக்கெனத் தொடங்கிய திட்டம் 2023-24ஆம் கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

வகுப்பைக் கொண்டன்றி, அடைந்துள்ள திறனைக் கொண்டு மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் நிறுத்திக் கற்பிப்பது இத்திட்டத்தின் அடிப்படை. மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்தாலும் முதல் வகுப்புத் திறனுடைய குழந்தை அரும்பு நிலையிலிருந்தே தொடங்கும். கொள்கையளவில் இது மிகச் சரியான அணுகுமுறை. ஆயினும் குழந்தை எந்நிலையில் உள்ளது என்பதை அது படிப்பதைக் கேட்டும் எழுதுவதைப் பார்த்தும்தான் ஆசிரியர் முடிவு செய்கிறார். ஒரு பிழை எதைக் காட்டுகிறது என்பது தெளிவாகாதவரை நிலைப்படுத்தலும் தெளிவாகாது. இதற்கான விடை கல்வியியல் நூல்களில் மட்டும் இல்லை. தமிழ் எழுத்திலக்கணத்திலும் வரிவடிவ வரலாற்றிலும் பேச்சுவழக்கு ஆய்விலும் இருக்கிறது. தமிழாய்வாளர் தொடக்கக் கல்வியின்பால் கருத்துச் செலுத்த வேண்டிய இடம் இது.

ஓலைச்சுவடியும் மனப்பாடமும்

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியதையும், சட்டாம்பிள்ளையின் கண்காணிப்பில் முறை வைத்துப் பாடம் ஒப்பித்ததையும் உ.வே.சாமிநாதையர் முதலியோரின் வாழ்க்கை வரலாறுகள் வழி அறிகிறோம். இம்முறை ஐரோப்பியரையும் ஈர்த்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் சென்னை முனையை ஒட்டிய எழும்பூரில், ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராக 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் தம் முறையை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என இங்கிலாந்தில் அது பரவியது.

திண்ணைப் பள்ளியின் மனப்பாட வழக்கத்தைப் பிற்காலக் கல்வியாளர் கடுமையாகச் சாடினர். அச்சாடலில் ஓர் உண்மை விடுபட்டுப் போயிற்று. அக்காலப் படிப்பு என்பது ஓலை படிப்பது. ஓலையில் பொதுவாக மெய்யெழுத்திற்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவின. எகர ஒகரங்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பிய நூன்மரபு விதித்திருந்தும் சுவடி வழக்கில் அது நிலைபெறவில்லை. இத்தகைய வரிவடிவில் சொல் இன்னதென முன்னரே அறிந்தவரே பிழையின்றிப் படிக்க இயலும். ஆகவே நூலைச் செவிவழி மனத்தில் இருத்தி, பின்னர்க் கண்வழி ஓலையில் அடையாளம் காண்பது, அவ்வெழுத்துமுறை வேண்டிய ஒழுங்கேயன்றி வெறும் நெட்டுரு அன்று.

புள்ளியும் கொம்பு வேறுபாடும் அச்சில் நிலைபெற்றபின் இத்தேவை நீங்கிற்று. இன்று முன்பின் அறியாத சொல்லையும் எழுத்தைக் கொண்டே படித்துவிடலாம். தேவை நீங்கியும் முறை நீங்கவில்லை. ‘க, கா, கி, கீ’ என வரிசையாக ஒப்பித்தல் இன்னும் பல வகுப்பறைகளில் எழுத்துக் கற்பித்தலின் மையமாக உள்ளது. அவ்வாறு கற்ற குழந்தையிடம் ‘தெ’ என்னும் எழுத்தைத் தனியே காட்டினால், அது ‘த, தா, தி, தீ’ என முதலிலிருந்து ஓடி ஏழாம் இடத்தை அடைந்தே விடை கூற வேண்டியிருக்கும். வரிசையை அறிவது வேறு, குறியை அறிவது வேறு.

ஒலி வரிசையும் வரி வரிசையும்

உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாக ஒலிக்கும் என்பது நூன்மரபு காட்டும் நெறி. தமிழ் எழுத்துமுறை இந்நெறியைப் பாதி இடங்களில் மட்டுமே கண்ணுக்குக் காட்டுகிறது. அகரம் ஒழிந்த பதினோர் உயிர்களுக்கும் குறிகள் உள்ளன. ஆகாரத்தின் துணைக்கால் மெய்க்குப் பின்னே நிற்பதால் ஒலிவரிசையும் வரிவரிசையும் ஒத்துள்ளன. இகர, ஈகாரங்கள் எழுத்தின் மேற்புறம் ஒட்டி நிற்கின்றன. எகர, ஏகார, ஐகாரங்களின் கொம்புகளோ மெய்க்கு முன்னே வருகின்றன. ஒகர, ஓகார, ஔகாரங்களின் குறிகள் மெய்யை இருபுறமும் சூழ்கின்றன. அதாவது பதினொன்றில் ஆறு குறிகளில், இடமிருந்து வலமாக நகரும் குழந்தையின் கண் முதலில் உயிர்க்குறியைச் சந்திக்கிறது. வாயோ மெய்யை முதலில் ஒலிக்க வேண்டியுள்ளது. ‘கொ’ என்பதைப் படிக்கக் கண் மூன்று உருக்களைக் கடந்து, நடு உருவை முதலில் ஒலித்து, இரு புறத்து உருக்களையும் ஒரே உயிராக இணைக்க வேண்டும். வளர்ந்தோர்க்கு இது கணப்பொழுதில் நிகழ்வதால் இதன் கடுமை புலப்படுவதில்லை.

கணினித் தட்டச்சில் இச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்பது இங்கு நினையத்தக்கது. தமிழ்99 விசைப்பலகையில் மெய்யையும் பின்னர் உயிரையும் தட்டினால் கொம்பு தானே முன்னே சென்று நிற்கும். ஒருங்குறியிலும் குறிகள் மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகின்றன. கணினி தொல்காப்பியர் வழியில் செல்ல, எழுதுகோல் பிடித்த குழந்தையே எதிர்வழியில் செல்ல வேண்டியுள்ளது.

உகர, ஊகாரங்களின் சிக்கல் வேறு வகையது. இவற்றிற்குப் பொதுக் குறி இல்லை. ‘சு, பு, யு, வு’ ஆகியவற்றில் கீழிறங்கும் கோடு; ‘து, நு, லு, று’ ஆகியவற்றில் வலப்புறம் எழும் கோடு; ‘மு, ரு, ழு, ளு’ ஆகியவற்றில் எழுத்தைச் சுற்றும் வளைவு; ‘கு’, ‘டு’ ஆகியவை தத்தம் போக்கின. ‘தூ, நூ, லூ’ ஆகியவற்றின் இறுதி துணைக்காலை ஒத்திருப்பதால், ஆகாரத்தை அப்போதுதான் கற்ற குழந்தை மயங்குவது இயல்பு. 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட வடிவங்களைத் தழுவி ‘ணா, றா, னா, ணை, லை, ளை, னை’ முதலிய பதின்மூன்று எழுத்துகளை ஒழுங்குபடுத்தியது. உகர, ஊகாரங்களை அது தொடவில்லை. அவற்றிற்கும் பொதுக்குறி வேண்டும் என வா.செ.குழந்தைசாமி தொடர்ந்து வலியுறுத்தினார். அச்சிட்ட நூற்பெருக்கத்தை நோக்க, இனி வடிவத்தை மாற்றுவதினும் கற்பிக்கும் வரிசையை மாற்றுவதே எளிது.

வரிசை மாற்றம் தமிழகத்திற்குப் புதிதன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், அகர வரிசையை விட்டு, அட்டைகள் வழி மாணவர் தத்தம் வேகத்தில் ஏணிப்படிகளாக முன்னேறும் முறையைக் கொணர்ந்தது. ‘ட, ப, ம’ போன்ற எளிய கோட்டு வடிவங்களில் தொடங்கினால், மூன்றே எழுத்துகளும் புள்ளியும் கொண்டு ‘படம், மடம், பட்டம், மட்டம்’ எனச் சொற்களைப் படித்துவிடலாம். எழுத்து கற்ற அன்றே சொல் படிக்கும் மகிழ்ச்சி குழந்தைக்குக் கிட்டுகிறது. உயிர், மெய்களுக்குச் செய்யப்பட்ட இவ்வகைச் சிந்தனை, உயிர்மெய்க் குறிகளுக்கும் அதே அளவு நீட்டிக்கப்பட வேண்டும்.

‘கொளந்த’ என எழுதும் குழந்தை

இரட்டை வழக்கு தமிழின் அறியப்பட்ட இயல்பு. பூந்தமல்லி வட்டாரக் குழந்தை பேசும் தமிழ் சென்னைப் பேச்சின் மேற்கு எல்லையில் அமைவது. அங்கு ‘இலை’ என்பது ‘எல’ ஆகவும், ‘உலகம்’ என்பது ‘ஒலகம்’ ஆகவும், ‘உடம்பு’ என்பது ‘ஒடம்பு’ ஆகவும் ஒலிக்கும். அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வருமிடத்து மொழிமுதல் இகர உகரங்கள் எகர ஒகரங்களாகத் திரிவது தமிழ்ப் பேச்சுவழக்கில் பரவலான, ஒழுங்குள்ள மாற்றம். சொல்லிறுதி ஐகாரம் பேச்சில் அகரமாகக் குறுகும். ழகரம் ளகரமாகவோ யகரமாகவோ மாறும்.

இந்நிலையில் ஆசிரியர் ‘குழந்தை’ எனச் சொல்ல, ஒரு மாணவர் ‘கொளந்த’ என எழுதுவதாகக் கொள்வோம். மூன்று இடங்களில் பிழை. மதிப்பெண் இல்லை. ஆனால் அம்மாணவர் செய்திருப்பது என்ன? தம் நாவில் வழங்கும் சொல்லை ஒலியொலியாகப் பகுத்து, ஒவ்வோர் ஒலிக்கும் உரிய எழுத்தை இட்டுள்ளார். குறிகளிலெல்லாம் கடினமான ஒகரக்குறியை, கொம்பு முன்னும் கால் பின்னுமாகச் சரியாகவே எழுதியுள்ளார். ‘கொ’ வந்ததும், ‘ள’ வந்ததும், இறுதி ஐகாரம் கெட்டதும் பேச்சு வழக்கின் விதிகளுக்கு உட்பட்டவை. எழுத்தறிவு இவரிடம் உள்ளது. எழுத்து வழக்குச் சொல்லறிவே இன்னும் வரவில்லை.

மற்றொரு மாணவர் ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்றும், ‘தேள்’ என்பதைத் ‘தெள்’ என்றும் எழுதுகிறார் எனக் கொள்வோம். சொல்லுக்கு ஓர் இடத்தில்தான் பிழை. மேலோட்டமாக நோக்கின் இவர் முன்னவரினும் மேம்பட்டவராகத் தோன்றுவார். உண்மை நேர்மாறானது. முன்னதில் துணைக்கால் விடுபட்டது. பின்னதில் இரட்டைக்கொம்பு ஒற்றைக்கொம்பாயிற்று. ‘கெடி’ என்றோ ‘தெள்’ என்றோ பேச்சில் எவரும் சொல்வதில்லை. ஆகவே இவை குறியமைப்பு பிடிபடாமையைக் காட்டும் பிழைகள்.

முதல் மாணவர்க்கு வேண்டுவது கதை கேட்டல், உரக்கப் படித்தல், நூலகப் புத்தகம். ‘குழந்தை’ என்னும் வடிவம் அவர் கண்ணிலும் செவியிலும் பலமுறை பட வேண்டும். அவரை மீண்டும் எழுத்து வரிசைக்கு அனுப்பினால், ஏற்கெனவே அறிந்ததையே எழுதிச் சலிப்பார். இரண்டாம் மாணவர்க்கு வேண்டுவது குறிப் பயிற்சி. அவரிடம் கதைப் புத்தகத்தைத் தந்தால் படங்களைப் பார்த்து ஊகித்துச் சொல்லவே பழகுவார். சிவப்பு மையால் இருவரையும் ஒன்றுபோல் சுழித்து, ‘பத்து முறை எழுது’ எனப் பணிப்பது இருவர்க்குமே பயன் தராது. பார்த்தெழுதுதல் கையெழுத்துப் பயிற்சியே தவிர எழுதுதல் திறன் அன்று. பொருள் அறியாமலும் ஒலி அறியாமலும் ஒரு பக்கத்தை அழகாகப் பார்த்தெழுதிவிட முடியும்.

‘ல, ள, ழ’, ‘ர, ற’, ‘ந, ன, ண’ மயக்கங்கள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. பெரியவர் பேச்சிலேயே ஒலி வேறுபாடு மங்கியுள்ள இடங்களில் குழந்தையின் செவியை மட்டும் குறை கூறுவதில் பொருளில்லை. அவற்றைச் சொற்காட்சி வழியாகவே நிலைநிறுத்த இயலும்.

வேற்றுமொழி பேசும் பிள்ளைகள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960களில் எழுந்த நாள்முதல் இவ்வட்டாரம் பல மொழியினர் குடியேறிய பகுதி. தெலுங்கு பேசும் குடும்பங்கள் நெடுங்காலமாக உள்ளன. கட்டுமானத்திலும் தொழிற்கூடங்களிலும் பணிபுரிய வந்த இந்தி, ஒடியா, வங்காள மொழியினரின் பிள்ளைகளும் இன்று அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்கின்றனர். இவர்களை ஒரே பிரிவாகக் கருதுவது பொருந்தாது. தெலுங்கில் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைக்கு ‘கெ’, ‘கே’ வேறுபாடு செவிக்குப் பழக்கமானது. இந்தியில் அவ்வேறுபாடு இல்லை. ஆகவே குறியைக் காட்டுமுன் ஒலியைக் கேட்கப் பழக்க வேண்டும். வங்காள, ஒடியா எழுத்துகளில் தமிழைப் போலவே ஏகாரக் குறி மெய்க்கு முன்னும், ஓகாரக் குறி இருபுறமும் வரும். சொந்த ஊரில் ஓரிரு ஆண்டு படித்து வந்த பிள்ளைக்கு இது உதவியாகும்.

வல்லெழுத்தொலிகளில் இவர்களுக்குத் தனிச்சிக்கல் உண்டு. ஒரே வல்லெழுத்து இடத்திற்கேற்ப வேறுபட்டு ஒலிப்பதைக் கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கண நூலில் திராவிட மொழியியல்பாக எடுத்துக்காட்டினார். ‘கல்’ என்பதன் ககரமும், ‘தங்கம்’ என்பதன் ககரமும், ‘மகன்’ என்பதன் ககரமும் ஒலியில் வேறு. தமிழ்க் குழந்தை ‘ம-க-ன்’ என எழுத்துக்கூட்டினாலும், தான் அறிந்த சொல்லை நினைவில் கண்டு ஒலியைத் திருத்திக்கொள்கிறது. தமிழ்ச் சொல்வளம் இல்லாத பிள்ளைக்குத் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. வெவ்வேறு ஒலிக்கு வெவ்வேறு எழுத்து கொண்ட மொழியிலிருந்து வரும் அப்பிள்ளைக்கு ஆசிரியர் எழுத்திற்கு முன் சொல்லைத் தர வேண்டும். பேச்சுத் தமிழில் சிறிது காலம் பழகவிட்டுப் பின் எழுத்திற்கு வருவதே நன்று.

பேருந்துப் பலகை காட்டும் வரிசை

குறிகளை மெய்வாரியாகக் கற்பிக்காமல் குறிவாரியாகக் கற்பிக்கலாம். துணைக்காலை ‘க’ ஒன்றோடு நிறுத்தாமல், அறிந்த ஏழெட்டு மெய்களோடும் ஒருசேரப் பொருத்தி, உடனே ‘பாடம், மாடம், தாகம்’ எனச் சொற்களாக்க வேண்டும். அடுத்து இகரமும் ஈகாரமும், பின்னர் உகர ஊகாரங்கள் வடிவக் குழுக்களாக, அதன்பின் முன்கொம்புகள், இறுதியில் சூழ்குறிகள். கொம்புக் குறிகளைக் கற்பிக்கும்போது கொம்பை விரலாலோ அட்டையாலோ மறைத்து மெய்யை முதலில் ஒலிக்கச் செய்து, பின் கொம்பைத் திறந்து உயிரைச் சேர்த்து ஒலிக்கச் செய்தால், ஒலிவரிசை கண்ணுக்கும் விளங்கும். எழுதும்போது கொம்பு முன்னே வருவது கையின் ஒழுங்கு. ஒலிக்கும்போது மெய் முன்னே வருவது நாவின் ஒழுங்கு. இவ்விரண்டையும் ஆசிரியர் வாய்விட்டே சொல்லித் தரலாம்.

இதற்கான பாடப்பொருள் பூந்தமல்லிப் பேருந்து நிலையத்திலேயே கிடைக்கிறது. நாள்தோறும் குழந்தைகள் காணும் ஊர்ப்பெயர்ப் பலகைகளில், ஔகாரம் ஒழிந்த பத்துக் குறிகளும் அமைந்துள்ளன. ‘ஆவடி’ என்பதில் ஒரே ஒரு குறி. ‘மாங்காடு’ துணைக்காலையும் உகரத்தையும் தரும். ‘கீழ்ப்பாக்கம்’ ஈகாரத்தையும், ‘அம்பத்தூர்’, ‘குன்றத்தூர்’ ஆகியவை ஊகாரத்தையும் தரும். ‘செம்பரம்பாக்கம்’ ஒற்றைக்கொம்பிற்கும், ‘திருவேற்காடு’ இரட்டைக்கொம்பிற்கும், ‘கரையான்சாவடி’ ஐகாரத்திற்கும் உரியவை. ‘கொரட்டூர்’, ‘கோயம்பேடு’ என்னும் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் ஒகர ஓகார வேறுபாடு வெளிப்படும். ‘போரூர்’ என்பதில் துணைக்கால் விடுபட்டால் ‘பேரூர்’ ஆகிவிடும். ஒரு கால் ஊரையே மாற்றிவிடுவதைக் குழந்தை சிரித்துக்கொண்டே கற்கும். எங்குச் செல்லும் பேருந்து என்பதைத் தானே படித்தறிதல், பாடநூலுக்கு வெளியே குழந்தை அடையும் முதல் வாசிப்புப் பயனாகவும் அமையும்.

பூந்தமல்லி என்னும் பெயரே பேச்சு, எழுத்து இடைவெளிக்குத் தக்க சான்று. ‘பூவிருந்தவல்லி’ என்பது மருவிய வடிவம் இது. இரு வடிவங்களும் இன்றும் எழுத்தில் வழங்குகின்றன. ஒரு காலத்தின் பேச்சு மற்றொரு காலத்தின் எழுத்தாகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ‘எல’ என எழுதிய குழந்தையிடம் ‘நீ சொல்வது பேச்சில் சரி, எழுத்தில் இலை’ என எடுத்துரைக்க இவ்வூர்ப் பெயர் ஆசிரியர்க்குத் துணைநிற்கும்.

மதிப்பீட்டுப் பதிவு

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மாணவர் நிலை செயலி வழியாகப் பதிவேற்றப்படுகிறது. இதனால் கற்பித்தல் நேரம் குறைகிறது என ஆசிரியர் அமைப்புகள் குரல் எழுப்பியுள்ளன. அக்குறை நியாயமானது. அதனினும் பெரிய குறை, சரி, தவறு என்னும் இரண்டே பிரிவுகளில் பதியும்போது தவற்றின் தன்மை மறைந்துபோவது. இதற்குப் புதிய செயலி வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை பத்துச் சொற்களைச் சொல்லி எழுதச் செய்து, அவற்றுள் ஐந்தைப் பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாக ஒலிப்பனவாகவும் (தேள், கோடு, மேளம், போர், காகம்), ஐந்தைப் பேச்சில் திரிவனவாகவும் (இலை, குழந்தை, உலகம், மழை, உடம்பு) அமைத்தால் போதும். முதல் ஐந்தில் வரும் பிழை குறியறிவைக் காட்டும். இரண்டாம் ஐந்தில் மட்டும் வரும் பிழை எழுத்து வழக்குப் பழக்கமின்மையைக் காட்டும். ஆசிரியர் தம் குறிப்பேட்டில் மாணவர் பெயருக்கு எதிரே இரு எண்களை எழுதிக்கொள்ளலாம். முதல் எண் ஐந்தாகவும் இரண்டாம் எண் சுழியாகவும் உள்ள மாணவரை அரும்பு நிலைக்கு இறக்காமல், மொட்டு நிலையில் கதைப் புத்தகத்துடன் அமர்த்துவதே முறை.